வாசகர் கேள்வி-பதில்: தர்மஸ்தலா ஹெக்கடேயும் அவர் செய்த தர்மங்களும்

போன இதழில் தர்மஸ்தலா போய்வந்த அனுபவக் கட்டுரை வெளியானதிலிருந்து கடிதங்கள் நிற்கவே இல்லை. கோயிலைப் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். பரம்பரையாக அந்தக் கோயிலை நடத்தும் தர்மாதிகாரி வீரேந்திர ஹெக்கடேயைப் பற்றியும், அவர் பேரில் நடக்கிற தான தர்மங்களைப் பற்றியும் கேட்டவர்களே அதிகம். அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

சாமி சிவன், பூஜை செய்பவர்கள் வைணவர்கள், நிர்வாகம் ஜைனக் குடும்பம் என்று எழுதியிருந்தீர்கள். படித்துக் குழம்பிப்போனேன். எப்படி இது?
(வாசகி, கும்பகோணம்)

குழப்பமே வேண்டாம் அம்மா, நீங்கள் படித்தது சரிதான். கர்நாடகத்தின் தென் கன்னட மாவட்டம், பெல்தங்கடி தாலுகா, நேத்ராவதி ஆற்றங்கரை. முன்பு அந்த ஊருக்குக் குடுமா என்று பெயர். அங்கே நெல்லியாடி பீடு என்ற வீட்டில் பிர்மண்ண பெர்கடே, அம்மு பல்லாள்தி என்ற ஜைனத் தம்பதி இருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் சோறு போடுகிற வீடு. ஒரு நாள் தர்ம தெய்வங்கள் நான்கு பேர் விருந்தாளிகளாக வந்து தங்கி, 'எங்களுக்கு இந்த வீட்டை விட்டுக்கொடுங்கள்' என்று கேட்க, தம்பதி மறுபேச்சில்லாமல் வீட்டைக் காலி செய்து கொடுத்தார்கள் என்பது தலபுராணம். பிறகு அந்தத் தெய்வங்களின் பணியாளான அண்ணப்ப சுவாமி மங்களூர் கத்ரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்தார். 16ஆம் நூற்றாண்டில் உடுப்பி மரபைச் சேர்ந்த வாதிராஜ சுவாமிகள் அதை முறைப்படி பிரதிஷ்டை செய்தார், ஊருக்குத் தர்மஸ்தலா என்ற பெயரும் அப்போதுதான் வந்தது என்கிறார்கள். அதனால்தான் பூஜை மாத்வ வைணவர்கள் கையில் இருக்கிறது, நிர்வாகம் அந்தப் பெர்கடே வழியினரிடமே தொடர்கிறது. பெர்கடே என்பதுதான் பேச்சுவழக்கில் ஹெக்கடே ஆனது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அந்தக் குடும்பத்துக்குப் பட்டம் கிடைத்ததற்குக் காரணம் போரில் ஜெயித்ததோ பணம் கொடுத்துக் கோயில் கட்டியதோ இல்லை. சோறு போட்டார்கள், கேட்டபோது வீட்டைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். புராணத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் ஹெக்கடே ஆகிற ஒவ்வொருவரும் இந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்கிறார், அது சாதாரண விஷயம் இல்லை.

இப்போதைய ஹெக்கடே எப்போது பதவிக்கு வந்தார்?
(வாசகர், ஆரணி)

1968 அக்டோபரில். தந்தை ரத்னவர்ம ஹெக்கடே காலமானதும் 21ஆவது தர்மாதிகாரியாகப் பட்டம் கட்டினார்கள். அவர் பிறந்தது 1948 நவம்பர், அப்படியென்றால் பட்டமேற்றபோது இருபது வயதுகூட நிரம்பவில்லை. 2000இல் பத்ம பூஷண், 2015இல் பத்ம விபூஷண். 2022 ஜூலையில் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினரானார். நம் இளையராஜாவும் பி.டி. உஷாவும் நியமிக்கப்பட்ட அதே பட்டியல்தான்.

அன்னதானம், அன்னதானம் என்கிறார்கள். எல்லாக் கோயிலிலும்தான் சோறு போடுகிறார்கள். தர்மஸ்தலாவில் அப்படி என்ன விசேஷம்?
(வாசகர், மதுரை)

ஐயா, நீங்கள் கேட்பது நியாயம். வடலூரில் வள்ளலார் 1867இல் ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. தமிழ்நாட்டுக் கோயில்களிலும் 2002இலிருந்து அரசுத் திட்டமாகவே மதிய அன்னதானம் நடக்கிறது. சோறு போடுவதில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

தர்மஸ்தலாவின் அன்னபூர்ணா கூடத்தில் சாதாரண நாளிலேயே ஆயிரக்கணக்கானவர்கள் சாப்பிடுகிறார்கள், விசேஷ நாளில் அது பல மடங்காகும். 2023 ஜூனில் கர்நாடக அரசு பெண்களுக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பயணம் கொண்டுவந்ததும் தர்மஸ்தலாவுக்கு வந்த கூட்டத்தைப் பத்திரிகைகள் படம் போட்டுக் காட்டின. டிக்கெட் காசு இல்லாததால் இத்தனை வருஷமாக வராமலிருந்த எத்தனை பெண்கள் அந்தப் பஸ்களில் ஏறியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். வந்த எல்லோருக்கும் இலை விழுந்தது. பந்தியில் என்ன சாதி, என்ன மதம் என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் விசேஷம் என்று நான் சொல்வது வேறு. அங்கே சதுர்தானம் என்று ஒரு கணக்கு உண்டு: அன்னம், ஔஷதம், வித்யை, அபயம். ஜைன மரபில் வந்த நான்கு தானங்கள் இவை. இந்த நான்கில் சோறு முதல் படி. பசியாறினவனுக்கு வைத்தியம் வேண்டும், அவன் பிள்ளைக்குப் படிப்பு வேண்டும், அவனுக்கு ஒரு அநியாயம் நடந்தால் போய் நிற்க ஒரு வாசல் வேண்டும். பெரும்பாலான கோயில்கள் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. இங்கே அடுத்த மூன்றுக்கும் போயிருக்கிறார்கள், அதை வீரேந்திர ஹெக்கடே காலத்துக்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். முன்பு தர்மாதிகாரியாக இருந்த மஞ்சய்ய ஹெக்கடே காலத்திலேயே பக்கத்து ஊரான உஜிரேயில் ஏழை மாணவர்களுக்கு இலவசமாகத் தங்க இடமும் சாப்பாடும் தருகிற சித்தவன குருகுலம் வந்துவிட்டது. கார்த்திகை லட்ச தீபத்தின்போது எல்லா மதத்தவரையும் மேடையேற்றுகிற சர்வ தர்ம சம்மேளனம் 1933இலிருந்து நடக்கிறது. தந்தை ரத்னவர்மர் காலத்தில், 1966இல், உஜிரேயில் கல்லூரி வந்தது. இவர் காலத்தில் அது ஒரு பெரிய கல்விக் குடும்பமாகவே வளர்ந்தது: தார்வாடில் பல் மருத்துவக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும், வேறு ஊர்களில் ஆயுர்வேதம், இயற்கை வைத்தியம் என்று.

எல்லாம் பக்தர்கள் உண்டியலில் போட்ட காசுதானே? அதை எடுத்துக் கொடுக்கிறவருக்கு எதற்குப் பத்ம விருது? அதுவும் பரம்பரைப் பதவி. கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள்.
(வாசகர், ஈரோடு)

கோபமே இல்லை. வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

பக்தர் காசு என்பது உண்மை. ஆனால் காசு வந்துவிட்டால் தர்மம் தானாக நடந்துவிடும் என்று நீங்கள் நினைத்தால், நம் பக்கம் வருமானம் கொட்டுகிற சில கோயில்களின் வாசலில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். காசு இருக்கும், கல்யாண மண்டபம் இருக்கும், தங்கத் தேர் இருக்கும், வாசலில் பிச்சையெடுக்கிற பாட்டியும் அப்படியே இருப்பார். காசை எதுவாக மாற்றுகிறோம் என்பதில்தான் ஒருவருடைய மூளையும் மனசும் தெரியும்.

ஹெக்கடே செய்ததில் முக்கியமானது என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். 1970களின் நடுவில் கர்நாடகத்தில் நிலச் சீர்திருத்தம் தீவிரமாக நடந்தது. தென் கன்னடத்தில் குத்தகைக்கு உழுதவர்கள் பலர் சின்னச் சின்னத் துண்டு நிலங்களுக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். பட்டா கைக்கு வந்தது, ஆனால் கிணறு வெட்டப் பணமில்லை, கூலிக்கு ஆள் வைக்க வழியில்லை, மேட்டு நிலத்தில் என்ன போடுவதென்று சொல்லித்தர ஆளில்லை. 1982இல் பெல்தங்கடி தாலுகாவில் கிராம அபிவிருத்தித் திட்டத்தைத் தொடங்கியபோது இவர்களைத்தான் மனத்தில் வைத்தார்கள். ஆரம்பத்தில் அதுவும் கொடுக்கிற வழக்கமாகத்தான் இருந்தது, நேரடி உதவி, இலவசம் என்று. அப்புறம் அது மாறியது. கொடுப்பதை நிறுத்திவிட்டு, வாங்குகிறவர்களைக் குழுவாக உட்காரவைத்து, அவர்களே சேமித்து, அவர்களே திட்டம் போட்டு, அவர்களே வேலை செய்கிற ஏற்பாட்டுக்கு வந்தார்கள்.

பாருங்கள், கோயில் தலைவர் ஒருவருக்கு இந்த முடிவு எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று. தினமும் ஆயிரம் பேர் வந்து கை நீட்டுகிறார்கள், நீட்டிய கையில் எதையாவது வைத்தால் உடனே 'மகராசன்' என்று வாழ்த்துவார்கள், போட்டோ எடுப்பார்கள். அதை விட்டுவிட்டு 'நீ உன் பக்கத்து நிலத்துக்காரனோடு சேர்ந்து உட்கார், வாரம் பத்து ரூபாய் சேமி' என்று சொன்னால் யாரும் கைதட்ட மாட்டார்கள். பலன் தெரியப் பத்து வருஷம் ஆகும். சில வருஷத்துக்கு ஒருமுறை மாறுகிற அறங்காவலர் குழு அப்படி ஒரு வேலையில் இறங்காது, இறங்கினாலும் அடுத்தவர் வந்து கலைத்துவிடுவார். பரம்பரைப் பதவியில் இருக்கிற ஒரே நல்லது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: இன்று நட்டதைப் பார்க்க இருபது வருஷம் கழித்தும் தான் அங்கேயே இருப்போம் என்ற நிச்சயம். அதே நிச்சயம் தவறான ஆளிடம் போனால் ஊரையே விழுங்கிவிடும், அதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: பரம்பரை என்பதற்காக யாரையும் கும்பிட வேண்டாம். பதவி தானாக வந்தது, ஆனால் அதை வைத்து அவர் என்ன செய்தார் என்று எடைபோடுங்கள்.

அந்தக் குழுக்கள் எப்படி வேலை செய்கின்றன? நாங்களும் சிறு விவசாயிகள்தான், கூலி ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறோம்.
(வாசகர், தளி, கிருஷ்ணகிரி மாவட்டம்)

உங்களுக்குத்தான் இதை விரிவாகச் சொல்ல வேண்டும். பிரகதி பந்து என்று பெயர். பக்கத்துப் பக்கத்தில் நிலம் வைத்திருக்கிற சிறு விவசாயிகள் ஐந்திலிருந்து எட்டுப் பேர் ஒரு குழு. வாரத்தில் ஒரு நாள் எல்லோரும் ஒருவருடைய நிலத்தில் போய் வேலை செய்வார்கள், கூலி கிடையாது. இந்த வாரம் உங்கள் நிலம், அடுத்த வாரம் அவர் நிலம், இப்படிச் சுற்றி வரும்.

இதில் என்ன ஆகிறதென்றால், ஒற்றை ஆளாக நின்று பார்த்தால் மலைக்கிற வேலைகள் எல்லாம் முடிந்துவிடுகின்றன. கிணறு தோண்டுவது, மேட்டைச் சமன் செய்வது, பாக்குக் கன்றுக்குக் குழி எடுப்பது, சாண எரிவாயுத் தொட்டிக்குப் பள்ளம் வெட்டுவது, வீட்டுக்கு அடித்தளம் போடுவது. எட்டுப் பேர் ஒரு நாள் முழுக்க இறங்கினால் எவ்வளவு மண் நகரும் என்று விவசாயியான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் அதே இடத்தில் உட்கார்ந்து வாரச் சேமிப்பைக் கட்டி, யாருக்குக் கடன் தேவை, எதற்கு, எப்படித் திருப்புவார் என்று பேசி முடிவெடுக்கிறார்கள். கடன் கேட்கிறவருடைய நிலத்தில் போன மாதம்தான் எல்லோரும் வேலை செய்திருப்பார்கள். அவர் என்ன பயிர் வைத்திருக்கிறார், எவ்வளவு உழைப்பாளி என்று அந்தக் குழுவுக்குத் தெரிந்த அளவு எந்த வங்கி மேலாளருக்கும் தெரியாது.

நம் ஊரிலும் ஒரு காலத்தில் மாற்றாள் வேலை இருந்ததே, நீ என் வயலுக்கு வா, நான் உன் வயலுக்கு வருகிறேன் என்று. கூலிக் கணக்கு வந்ததும் அது போய்விட்டது. அதே பழக்கத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு கிழமையும், பின்னால் ஒரு கோயிலின் பெயரும் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள். கோயிலின் பெயர் ஏன் முக்கியம் என்கிறீர்களா? 'மாத்து பிடத மஞ்சுநாத' என்பது கன்னட வழக்கு, சொன்ன சொல் தவறாத மஞ்சுநாதன். மஞ்சுநாதன் என்பது அந்தக் கோயில் சிவனின் பெயர். அந்தப் பெயரைச் சொல்லிச் சேர்ந்த குழுவில் ஆள் வராமல் டிமிக்கி கொடுப்பது கொஞ்சம் கஷ்டம்.

பெண்களுக்குத் தனியாக ஞான விகாஸ மையங்கள், அதை ஹெக்கடேயின் மனைவி ஹேமாவதி ஹெக்கடே முன்னின்று நடத்தினார். இன்று இந்தத் திட்டம் கர்நாடகம் முழுவதும் பரவி, பல லட்சம் குடும்பங்கள் அதில் இருக்கின்றன. சூரிய விளக்கும் சாண எரிவாயு அடுப்பும் கிராமத்து வீடுகளுக்குக் கடன் மூலமாகக் கொண்டுசேர்த்ததற்காக 2012இல் லண்டனின் ஆஷ்டன் விருதும் வந்தது. விருது இருக்கட்டும், விறகுப் புகையில் கண் எரியாமல் சமைக்கிற பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் ஊருக்கு அந்த அமைப்பு வரவேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். நம்பிக்கையான ஐந்து பேர் கிடைத்தால் வருகிற ஞாயிற்றுக்கிழமையே யாராவது ஒருவர் வயலில் ஆரம்பித்துவிடலாம். முதல் முறை, கஷ்டத்தில் இருக்கிறவர் நிலமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

குடியை நிறுத்த முகாம் நடத்துகிறார்களாமே? என் வீட்டுக்காரருக்காகக் கேட்கிறேன்.
(வாசகி, பெயர் வேண்டாம்)

ஆமாம் அம்மா, கிராமங்களில் மது விடுப்பு முகாம்கள் நடத்துகிறார்கள். ஊரிலேயே, ஏறக்குறைய ஒரு வாரம், குடிப்பவர்களைத் தங்கவைத்து, வைத்தியம், ஆலோசனை, பஜனை, குடும்பத்தாரோடு பேச்சு என்று போகும். முடிந்த பிறகு, குடியை விட்டவர்களே ஒரு குழுவாகத் தொடர்ந்து கூடுகிறார்கள். அந்தக் கடைசிப் பகுதிதான் முக்கியம். ஆனால் அதெல்லாம் கன்னடத்தில், அந்தப் பகுதி மக்களுக்காக நடப்பவை. நீங்கள் முதலில் உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், குடிநோய்க்கு அங்கே இலவசச் சிகிச்சை உண்டு. ஒன்று மட்டும் கவனம்: நிறைய நாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், அதனால் டாக்டர் துணையில்லாமல் வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். உங்கள் பெயரை எங்கேயும் போடவில்லை, தைரியமாக இருங்கள்.

மகன் டிகிரியைப் பாதியில் விட்டுவிட்டான். தர்மஸ்தலாவில் இலவசமாகத் தொழில் கற்றுத்தருகிறார்கள் என்று படித்தேன். அனுப்பலாமா?
(வாசகர், விருதுநகர்)

அவ்வளவு தூரம் வேண்டாம் ஐயா, மதுரையிலேயே இருக்கிறது. 1982இல் உஜிரேயில் தர்மஸ்தலா அறக்கட்டளை, சிண்டிகேட் வங்கி, கனரா வங்கி மூன்றும் சேர்ந்து ருட்செட் என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கின. வேலை தேடி அலைகிற கிராமத்துப் பிள்ளைகளைச் சொந்தமாகத் தொழில் செய்ய வைப்பது நோக்கம். பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். அப்புறம் அது மற்ற ஊர்களுக்கும் போனது, அதில் மதுரையும் ஒன்று. இந்த மாதிரியைப் பார்த்துத்தான் மத்திய அரசு மாவட்டத்துக்கு ஒன்று என்று வங்கிகள் மூலம் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலும் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்றவை நடத்துகின்றன. உங்கள் மாவட்ட முன்னோடி வங்கியில் விசாரித்தால் எங்கே, எப்போது, என்ன பயிற்சி என்று சொல்லிவிடுவார்கள்.

அங்கே நடக்கிற ஒரு விளையாட்டைச் சொல்கிறேன். ஒரு பையனின் கண்ணைக் கட்டி, வலது கைக்காரனாக இருந்தால் இடது கையால் மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொல்வார்கள். எத்தனை அடுக்குவாய் என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்வார்கள். பக்கத்தில் இரண்டு பேர் நின்று 'கொஞ்சம் வலது பக்கம்... மெதுவாக... விடு' என்று வழி சொல்வார்கள். முடிந்த பிறகு அதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள்: ஏன் ஐந்து என்று குறைத்துச் சொன்னாய், ஏன் இருபது என்று அளந்துவிட்டாய், கூட நின்றவர்கள் உதவினார்களா, பயமுறுத்தினார்களா? வீட்டில் அப்பா அம்மா செய்வதும் இதுதானே என்று யாராவது ஒரு பையன் சொல்வான். செல்போன் ரிப்பேரும் ஆடு வளர்ப்பும் எங்கேயும் கற்கலாம். தன்னால் எவ்வளவு முடியும் என்று தானே கணக்குப் போடுவதைச் சொல்லித்தருகிற இடங்கள் குறைவு. பயிற்சி முடிந்தும் விட்டுவிடாமல் இரண்டு வருஷம் வரை தொடர்ந்து விசாரிப்பார்கள், வங்கிக் கடனுக்கும் வழிகாட்டுவார்கள்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. 'பாதியில் விட்டவன்' என்று கடிதத்தில் நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பையன் முன்னால் அதைச் சொல்லாதீர்கள்.

இலவசக் கல்யாணம்?
(வாசகி, திருவண்ணாமலை)

1972இலிருந்து வருஷா வருஷம் நடக்கிறது. புடவை, வேட்டி, தாலி, சாப்பாடு எல்லாம் கோயில் செலவு. இதுவரை பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள். சாதி விட்டுச் சாதி கட்டுகிறவர்களும் அதே மேடையில் உட்காருகிறார்கள். வரதட்சணைக்கு அங்கே இடமில்லை. ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்க அப்பன் நிலத்தை விற்காமல் தப்பித்தால், அந்த நிலம் தம்பிக்கு மிஞ்சும், அவன் படிப்பான். ஒரு நாள் விருந்து என்று பார்க்காமல் ஒரு கடன் தடுக்கப்பட்டது என்று பார்த்தால்தான் இதன் மதிப்பு புரியும்.

நிலத் தகராறுக்கெல்லாம் ஹெக்கடே தீர்ப்புச் சொல்வாராமே, கோர்ட் எதற்கு இருக்கிறது?
(வாசகர், சென்னை)

கோர்ட்டுக்குப் போகிறவர்கள் போகத்தான் செய்கிறார்கள். பாகப்பிரிவினை, வாய்க்கால் வழி, கொடுக்கல் வாங்கல் மாதிரி விஷயங்களில் இரண்டு தரப்பும் வந்து சொன்னால் கேட்டு முடித்துவைக்கிறார். அந்தத் தீர்ப்புக்குச் சட்டபலம் கிடையாது, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் உண்டு. சதுர்தானத்தில் நான்காவதாகச் சொன்ன அபயம் இதுதான். வக்கீல் ஃபீஸ் கட்ட முடியாத அண்ணன் தம்பிக்கு இதன் அருமை தெரியும். குற்ற வழக்குகள் வேறு, அவை போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் உரியவை.

எல்லாம் நல்லதாகவே எழுதுகிறீர்கள். 2025இல் அந்த ஊர்ப் பெயர் எதற்காகச் செய்தியில் அடிபட்டது என்று உங்களுக்குத் தெரியாதா? கடன் வட்டி பற்றிய புகாரும் தெரியாதா?
(வாசகர், கோவை)

தெரியும். கேட்டதற்கு நன்றி, இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்ன எதற்கும் மதிப்பில்லை.

2012இல் அந்த ஊர்ப் பகுதியில் ஒரு கல்லூரி மாணவி பலாத்காரம் செய்து கொல்லப்பட்டார். கைதானவரை 2023இல் சிபிஐ நீதிமன்றம் விடுவித்தது. அப்படியானால் செய்தது யார் என்று அந்தத் தாயும் ஊர் மக்களும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2025 ஜூலையில், அங்கே முன்பு துப்புரவு வேலை செய்த ஒருவர், பல உடல்களைப் புதைக்க வைத்தார்கள் என்று புகார் கொடுத்தார். கர்நாடக அரசு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது, பல இடங்களில் தோண்டினார்கள், ஆகஸ்டில் புகார் கொடுத்தவரே பொய் சாட்சி என்ற குற்றச்சாட்டில் கைதானார். இதில் யார் பக்கம் உண்மை என்று ஒரு பத்திரிகைப் பகுதியில் உட்கார்ந்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. கோயில் மேல் உள்ள பக்தியால் 'எல்லாம் சதி' என்று தள்ளுவதும் தப்பு, கோபத்தில் விசாரணை முடியும் முன்பே ஒரு குடும்பத்தைக் குற்றவாளி ஆக்குவதும் தப்பு. ஆனால் ஒன்று நிச்சயம்: ஆயிரம் கல்யாணம் செய்துவைத்ததும் லட்சம் இலை போட்டதும் ஒரு பெண்ணின் சாவைப் பற்றிய கேள்விக்குப் பதில் ஆகாது. அன்னதானக் கணக்கு வேறு, நியாயக் கணக்கு வேறு. அந்த மாணவிக்கு நியாயம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

கடன் விஷயம். குழுக்களுக்கு வங்கிப் பணம் வாங்கித்தந்து வாரா வாரம் வசூலிக்கிற ஏற்பாடு பெரிதாகிவிட்டது. வட்டி, வாரத் தவணை நெருக்கடி, கோயில் பெயரைச் சொல்லி வசூல் என்றெல்லாம் விமர்சனங்கள் வருகின்றன. கந்துவட்டிக்காரரிடம் வாங்குவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல் என்பது அவர்கள் தரப்பு, அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் தளி வாசகருக்குச் சொன்ன எட்டுப் பேர் குழுவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பல லட்சம் பேர் என்று ஆனபிறகு, தவணை கட்டாத பெண் ஏன் கட்டவில்லை என்று கேட்க யாருக்கு நேரம் இருக்கும்? அமைப்பு வளர வளர வெளியாள் வந்து கணக்குப் பார்க்கிற, கேள்வி கேட்கிற ஏற்பாடும் வளர வேண்டும். அந்தக் கோயில் கர்நாடக அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இல்லை என்பதால் இது இன்னும் அவசியம். ஹெக்கடேயை மதிக்கிறவர்கள்தான் இதை முதலில் கேட்க வேண்டும்.

எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கு நான் பரம்பரை அறங்காவலர். இரண்டு ஏக்கர் நஞ்சை, வருஷத்துக்கு ஒரு திருவிழா, அவ்வளவுதான் கோயில். என்னைப் போன்றவன் என்ன செய்ய முடியும்?
(வாசகர், திருத்துறைப்பூண்டி பக்கம்)

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், சந்தோஷமாக இருந்தது. தமிழ்நாட்டு அறநிலையச் சட்டம் 1959 பரம்பரை அறங்காவலரை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் நிலத்தை விற்கவோ, நீண்ட காலக் குத்தகைக்கு விடவோ, கோயில் பணத்தை வேறு காரியத்துக்குத் திருப்பவோ துறையின் அனுமதி வேண்டும். நல்ல காரியம்தானே என்று அனுமதி இல்லாமல் இறங்கிவிடாதீர்கள், பின்னால் உங்களுக்குத்தான் வம்பு.

முதலில் அந்த இரண்டு ஏக்கர் யார் கையில் இருக்கிறது, குத்தகை நெல் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். வரவு செலவை எழுதிக் கோயில் சுவரில் ஒட்டுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை போதும். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். அது ஒட்டின மறுநாளே ஊரில் பேச்சு மாறும், கொடுக்கத் தயங்கினவர்கள் கொடுப்பார்கள்.

அப்புறம் கோயில் பணத்தைத் தொடாமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று. உங்கள் கோயில் மண்டபம் திருவிழா தவிர மற்ற நாளெல்லாம் காலியாகத்தான் கிடக்கும். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை விளக்கைப் போட்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். எல்லா சாதிப் பிள்ளைகளும் வரவேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள், முதல் வாரம் முணுமுணுப்பு வரத்தான் செய்யும். உங்கள் ஊரிலிருந்து படித்துப் போன பெண் யாராவது கணக்குச் சொல்லித்தர வருவார். சுண்டலுக்கு ஊர்க்காரர்கள் முறை போட்டுக்கொள்ளட்டும். கரண்ட் பில் கூடுமே என்றால் அதை முதல் மூன்று மாதம் நீங்களே கட்டுங்கள், அப்புறம் யார் முன்வருகிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.